ரேப்பர் ஆப்ஜெக்டைப் பிரிமிட்டிவ் மதிப்பாக மாற்றுவது: ஜாவாவில் படிப்படியான வழிகாட்டி

ஜாவாவில் இன்ட் என்பது எண்ணை நேரே வைத்திருக்கும் அடிப்படை வகை, அதாவது பிரிமிட்டிவ். இன்டிஜர் என்பது அதே எண்ணை ஆப்ஜெக்டாகப் பொதிந்து வைக்கும் ரேப்பர். இன்டிஜரை எப்படி இன்ட்டாக மாற்றுவது என்று கேட்டால், ‘அதுவே மாறிக்கொள்ளுமே’ என்பார்கள். உண்மைதான், ஒரு சமக்குறி போட்டால் போதும். ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்களின் நிரல் கோடைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு வரியில்தான் பிழை கிடக்கிறது. எழுதும் முறை தெரியாமல் யாரும் தவறுவதில்லை. உள்ளே மதிப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை முடிவு செய்யாமலே எழுதிவிடுகிறார்கள். அதனால் இங்கே அந்த முடிவு முதலில் வருகிறது, மெத்தட் பெயர்கள் அதற்குப் பிறகு.

கோடு வரிகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல் ஜாவா எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். லாங், டபுள் போன்றவற்றில் ரேப்பர் கிளாஸுக்கும் பிரிமிட்டிவ் வகைக்கும் உச்சரிப்பு ஒன்றே. முதலெழுத்து பெரிதா சிறிதா என்பது மட்டுமே வேறுபாடு. குழப்பம் வராமல் இருக்க, கிளாஸை ‘ரேப்பர் லாங்’ என்றும் பிரிமிட்டிவை ‘வெறும் லாங்’ என்றும் சொல்கிறேன். மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் சொல்லை ‘நல்’ என்று மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் நல்லது. தானாக மாறும் வசதி 2004-இல் ஜாவா 5-உடனேயே வந்துவிட்டது. பட்டியலின் உருப்படிகளை வரிசையாகச் செயலாக்கும் ஸ்ட்ரீம் வசதிகள் ஜாவா 8-இல் வந்தன. பிறகு எதற்குப் புதிய பதிப்பு? பிழைச் செய்திக்காகத்தான். ஜாவா 14-க்கு முன்னால் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் (‘நல்’லை மதிப்புபோலப் பயன்படுத்த முயன்றால் வரும் பிழை) வந்தால் வரி எண் மட்டுமே கிடைக்கும். ஒரே வரியில் மூன்று ரேப்பர்கள் இருந்தால் எது காலி என்று நாமே துழாவ வேண்டும். ஜாவா 15 முதல், எது ‘நல்’ ஆக இருந்தது, எந்த மெத்தடை அழைக்கும்போது நின்றது என்று செய்தியே சொல்லிவிடுகிறது. கம்பைல் செய்யும்போது ‘-ஜி’ கொடியையும் சேர்த்தால் லோக்கல் மாறியின் பெயரும் அதில் வரும்.

எட்டு ஜோடிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: பைட், ஷார்ட், இன்ட், லாங், ஃப்ளோட், டபுள், கேர், பூலியன். இவற்றில் இரண்டுக்கு மட்டும் ரேப்பரின் பெயர் மாறும். இன்ட்டுக்கு இன்டிஜர், கேருக்கு கேரக்டர். மற்ற ஆறுக்கும் முதலெழுத்து மட்டுமே வேறு. அந்த ஒரு எழுத்தைக் கண் தவறவிடுவதால் வரும் வினையை 9-ஆம் படியில் பார்ப்போம்.

2. மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

மாற்றும் வரியை எழுதுவதற்கு முன், அந்த ரேப்பர் உங்கள் கைக்கு வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பிரிமிட்டிவ் மாறியில் எப்போதும் ஏதாவது ஒரு மதிப்பு இருந்தே தீரும். ரேப்பர் மாறி அப்படியல்ல, ‘நல்’ ஆகவும் இருக்கலாம். கிளாஸில் இன்ட் ஃபீல்டு ஒன்றை அறிவித்து எதுவும் போடாமல் விட்டால் அதில் 0 இருக்கும். இன்டிஜர் ஃபீல்டில் ‘நல்’ இருக்கும்.

‘நல்’ வரக்கூடிய வழிகள் பெரும்பாலும் இவைதான்: மேப்பில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று ஜோடியாகச் சேமிக்கும் அமைப்பு) இல்லாத சாவியைக் கேட்பது, டேட்டாபேஸில் நிரப்பப்படாத நெடுவரிசை, ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தில் விடுபட்ட ஃபீல்டு, ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘நல்’ திருப்பித் தரும் மெத்தட். உங்கள் ரேப்பர் இவற்றில் எதன் வழியாகவும் வரவில்லை, நீங்களே சற்றுமுன் ஒரு எண்ணைப் போட்டு உருவாக்கியது என்றால் கவலை வேண்டாம், நேரே 4-ஆம் படிக்குப் போகலாம்.

3. ‘நல்’ வந்தால் என்ன பொருள் என்று முடிவு செய்யுங்கள்

மொத்த வேலையிலும் இதுதான் கனமான படி. கோடு எழுதத் தெரிந்தால் மட்டும் இதை முடிவு செய்துவிட முடியாது. அந்த மதிப்பு எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அது வரவே கூடாத இடம். வந்தால் வேறெங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். அங்கே நிரல் உடனே நிற்பதே சரி.

இரண்டாவது, அதற்கு இயல்பான மாற்று மதிப்பு இருக்கும் இடம். ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறீர்கள், மேப்பில் அந்தச் சொல் இல்லை. அப்படியென்றால் அது 0 முறை வந்திருக்கிறது. இங்கே 0 என்பது முழு உண்மை.

மூன்றாவது, தெரியாது என்பதே தகவலாக இருக்கும் இடம். இங்கே பிரிமிட்டிவாக மாற்றவே கூடாது. ரேப்பராகவே விட்டுவிடுங்கள், அல்லது கணக்கிலிருந்து அந்த உருப்படியை விலக்குங்கள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் மதிப்பெண் சராசரி எடுக்கும் பகுதி அடிக்கடி நின்றுபோனது. பதிவாகாத மதிப்பெண் ‘நல்’ ஆக வந்ததுதான் காரணம். ‘நல் என்றால் 0’ என்று திருத்தினோம். நிற்பது நின்றது; எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் 80, 90, 70, அப்புறம் ஒரு ‘நல்’ என்று நான்கு பதிவுகள் இருந்தால், உண்மையான சராசரி 240-ஐ 3-ஆல் வகுத்து வரும் 80. திருத்திய கோடு 4-ஆல் வகுத்து 60 என்று காட்டியது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நின்றுபோன நிரலையாவது யாராவது கவனித்திருப்பார்கள். இந்தத் தவறான எண்ணைப் பல வாரங்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து, ‘நல் என்றால் 0’ என்ற வரியை எங்கே கண்டாலும், ‘0 என்பது இங்கே உண்மையா?’ என்று கேட்காமல் நான் தாண்டுவதில்லை.

4. மாற்றும் வரியை எழுதுங்கள்

முடிவு எடுத்தாகிவிட்டது. எழுத இரண்டு வழிகள்:

இன்ட் எண் = பெட்டி;
இன்ட் எண் = பெட்டி.இன்ட்வேல்யூ();

முதல் வரியில் கம்பைலர் தானாகவே மாற்றுகிறது. இதற்குத்தான் அன்பாக்ஸிங் என்று பெயர். இரண்டும் வேறு வேறு என்று சிலர் நினைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதல் வரியை மட்டும் வைத்து ஒரு சின்ன கிளாஸ் எழுதி, கம்பைல் செய்து, ‘ஜாவாப் -சி’ என்ற கட்டளையால் உள்ளே திறந்து பாருங்கள். நீங்கள் எழுதாத இன்ட்வேல்யூ அழைப்பு அங்கே இருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், வெறும் சமக்குறி வரியில் ஏன் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் வருகிறது என்ற திகைப்பு போய்விடும். ‘நல்’ மீது ஒரு மெத்தட் அழைக்கப்படுகிறது, அதனால் வருகிறது. அந்த அழைப்பு நம் கோடில் கண்ணுக்குத் தெரியாது.

இன்ட்வேல்யூ, லாங்வேல்யூ, டபுள்வேல்யூ, ஃப்ளோட்வேல்யூ, ஷார்ட்வேல்யூ, பைட்வேல்யூ ஆகிய ஆறும் ‘நம்பர்’ என்ற தாய் கிளாஸிலிருந்து வருகின்றன. எனவே எண் ரேப்பர்கள் எல்லாவற்றிலும் ஆறுமே கிடைக்கும். பூலியனுக்குப் பூலியன்வேல்யூ, கேரக்டருக்குக் கேர்வேல்யூ, அவ்வளவுதான்.

என் வழக்கம் இது: ‘நல்’ வர வழியே இல்லாத இடத்தில் தானியங்கி முறை, வரக்கூடிய இடத்தில் வெளிப்படையாக எழுதுவது. படிப்பவர் கண்ணில் ‘இங்கே ஒரு மாற்றம் நடக்கிறது’ என்று பட வேண்டும் என்பதே காரணம்.

கேரக்டரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கேரக்டர் ரேப்பரை இன்ட் மாறியில் போட்டால் கம்பைலர் மறுக்காது. உள்ளே ‘5’ என்ற எழுத்து இருந்தால் கிடைப்பது 5 அல்ல, 53. அது அந்த எழுத்தின் குறியீட்டு எண். இலக்கம்தான் வேண்டுமென்றால் கேரக்டர்.கெட்நியூமெரிக்வேல்யூ மெத்தடைப் பயன்படுத்துங்கள்.

5. எடுத்த முடிவைக் கோடில் பதியுங்கள்

‘வரவே கூடாது’ என்று முடிவு செய்திருந்தால்:

இன்ட் வயது = ஆப்ஜெக்ட்ஸ்.ரிக்வயர்நான்நல்(பதிவு.வயது(), "பதிவில் வயது இல்லை");

எப்படியும் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்தான் வரப்போகிறது, பிறகு இது எதற்கு என்று கேட்பார்கள். செய்தியில் காரணம் இருக்கும் என்பது ஒன்று. இங்கே நிற்பது நாம் தெரிந்தே எடுத்த முடிவு என்று அடுத்து படிப்பவருக்குத் தெரியும் என்பது இன்னொன்று.

மாற்று மதிப்பு உண்டு என்றால்:

இன்ட் முறை = எண்ணிக்கை.கெட்ஆர்டிஃபால்ட்(சொல், 0);

ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹேஷ்மேப்பில் அந்தச் சாவியே இல்லாவிட்டால்தான் 0 கிடைக்கும். சாவி இருந்து, அதற்கு மதிப்பாக ‘நல்’ போடப்பட்டிருந்தால் கெட்ஆர்டிஃபால்ட்டும் ‘நல்’லையே தரும், அன்பாக்ஸிங்கில் நிரல் நிற்கும். மேப்பை நிரப்புவது வேறொருவர் என்றால் இதையும் யோசியுங்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் எடுத்து, கூட்டி, திரும்பப் போடுவதைவிட இது நல்லது:

எண்ணிக்கை.மெர்ஜ்(சொல், 1, இன்டிஜர்::சம்);

பூலியனில் அடிக்கடி வரும் பிழை ‘இஃப் (அனுமதி)’ என்று நேரே எழுதுவது. அனுமதி ‘நல்’ ஆக இருந்தால் அந்த வரியிலேயே நிரல் நின்றுவிடும். முன்னால் மறுப்புக்குறி போட்டாலும் அதேதான். ‘உறுதியாக ட்ரூ என்றால் மட்டும்’ என்பது உங்கள் முடிவானால் இப்படி எழுதுங்கள்:

இஃப் (பூலியன்.ட்ரூ.ஈக்வல்ஸ்(அனுமதி))

ஸ்விட்ச்சுக்கும் இதே கதைதான். இன்டிஜரை வைத்து எழுதிய வழக்கமான ஸ்விட்ச், ‘நல்’ வந்தால் டிஃபால்ட் கிளைக்குப் போகாது. எக்ஸெப்ஷன்தான்.

டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போது பிழை எதிர்த் திசையில் நடக்கிறது. டேட்டாபேஸ் தரும் விடைகளை வைத்திருக்கும் ரிசல்ட்செட்டின் கெட்இன்ட் மெத்தட், நெடுவரிசையில் ‘நல்’ இருந்தால் எக்ஸெப்ஷன் எறியாது. 0 என்று தந்துவிடும். அதாவது 3-ஆம் படியில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவை அது உங்களைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது. அழைத்த உடனே வாஸ்நல் என்று கேட்டுப் பாருங்கள், அல்லது கெட்ஆப்ஜெக்ட் மெத்தடில் இன்டிஜர் கிளாஸைக் கொடுத்து ரேப்பராகவே வாங்குங்கள்.

பல த்ரெட்கள், அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல பணிகள், தொடும் ஃபீல்டாக இருந்தால், முதலில் அதை ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டு அதைச் சோதியுங்கள். சோதித்த கணத்துக்கும் மாற்றும் கணத்துக்கும் இடையில் வேறொரு த்ரெட் அதை ‘நல்’ ஆக்கிவிடலாம்.

6. கேள்விக்குறி வரியைத் தனியாகச் சோதியுங்கள்

அனுபவம் உள்ளவர்களையும் இது ஏமாற்றும். இந்த வரியைக் கவனியுங்கள்:

இன்டிஜர் விடை = புதியவரா ? 0 : பழையஎண்;

புதியவரா ஃபால்ஸ், அதனால் : குறிக்குப் பின்னுள்ள பழையஎண் தேர்வாகிறது. பழையஎண் ஓர் இன்டிஜர். அதில் ‘நல்’ இருக்கிறது. இடப்பக்கமும் இன்டிஜர்தான். ‘நல்’ அப்படியே விடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போகாது, இந்த வரியிலேயே எக்ஸெப்ஷன் வரும்.

ஏன்? கேள்விக்குறிக் கோவையில் ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் இன்டிஜர் என்றால், முழுக் கோவையின் வகையும் இன்ட் என்று ஜாவா முடிவு செய்கிறது. அதனால் பழையஎண் முதலில் இன்ட்டாக அவிழ்க்கப்படுகிறது, பிறகு மறுபடி இன்டிஜராகப் பொதியப்படுகிறது. அவிழ்க்கும் இடத்தில் நிற்கிறது. இடப்பக்கம் என்ன வகை என்பதை இந்த விதி பார்ப்பதே இல்லை.

தீர்வு எளிது. 0 என்பதற்குப் பதிலாக இன்டிஜர்.வேல்யூஆஃப்(0) என்று எழுதினால் இரு பக்கமும் இன்டிஜர் ஆகிவிடும், அவிழ்ப்பு நடக்காது. அல்லது இஃப், எல்ஸ் என்று பிரித்து எழுதுங்கள். நான் பிரித்தே எழுதுவேன். வேல்யூஆஃப் எதற்கு என்று புரியாமல் அடுத்து வருபவர் அதை நீக்கிவிடுவார் என்ற பயம்தான்.

மாறாக, இன்ட் எண் = (பெட்டி != நல்) ? பெட்டி : 0 என்ற வரியில் ஆபத்தில்லை. தேர்ந்தெடுத்த பக்கம் மட்டுமே கணக்கிடப்படும், அந்தப் பக்கத்தில் ‘நல்’ இல்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

இதே விதியால் இன்னொன்றும் நடக்கும். ஒரு பக்கம் இன்டிஜர் 1, மறுபக்கம் ரேப்பர் டபுள் 2.5 என்று வைத்தால், இன்டிஜர் பக்கம் தேர்வானாலும் உங்களுக்குக் கிடைப்பது 1.0.

7. வகை சுருங்கும் இடத்தில் அளவைச் சரிபாருங்கள்

இன்டிஜரை வெறும் லாங் மாறியில் போடலாம். அவிழ்த்து, விரித்து, கம்பைலரே முடித்துவிடும். ரேப்பர் லாங்கை இன்ட்டில் போட்டால் கம்பைலர் தடுக்கும். இங்கேதான் புதியவர்கள் அவசரமாக இன்ட்வேல்யூ என்று எழுதிச் சிவப்புக் கோட்டைப் போக்கிவிடுகிறார்கள்.

ரேப்பர் லாங்குக்குள் 300 கோடி, அதாவது 3000000000 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ட்வேல்யூ தருவது -1294967296. மேலே உள்ள பிட்களை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தருகிறது, ஒரு வார்த்தை சொல்லாது. அதற்குப் பதிலாக:

இன்ட் எண் = மேத்.டூஇன்ட்எக்ஸாக்ட்(பெரியஎண்);

அடங்காவிட்டால் இது அரித்மெட்டிக்எக்ஸெப்ஷன் எறியும். ஜாவா 8 முதல் இருக்கிறது. தவறான எண்ணோடு தொடர்வதைவிட நிற்பது நல்லது என்ற அதே நியாயம்தான் இங்கும்.

ரேப்பர் டபுளில் இன்ட்வேல்யூ அழைத்தால் தசமப் பகுதி கழிந்துவிடும்: 2.9 என்பது 2 ஆகும், -2.9 என்பது -2 ஆகும். அருகிலுள்ள முழு எண் வேண்டுமென்றால் மேத்.ரவுண்ட், டபுளுக்கு அது வெறும் லாங்கைத் தரும். எண்ணே அல்லாத ‘நேன்’ மதிப்பு உள்ளே இருந்தால் இன்ட்வேல்யூ 0 என்று சொல்லும். மேல் எல்லையை மீறினால் 2147483647-இல் நின்றுவிடும். மூன்றிலும் பிழைச் செய்தி வராது.

ஜேசனைப் பிரித்து எடுத்த மதிப்பு ‘ஆப்ஜெக்ட்’ வகையில் வரும்போது ‘(இன்ட்) மதிப்பு’ என்று காஸ்ட் செய்பவர்கள், அதாவது ‘இதை இந்த வகையாக எடுத்துக்கொள்’ என்று எழுதுபவர்கள் உண்டு. உள்ளே இருப்பது துல்லியமாக இன்டிஜராக இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். சில நூலகங்கள் சின்ன எண்ணை இன்டிஜராகவும், அதில் அடங்காததை ரேப்பர் லாங்காகவும் தரும். அப்போது சோதனையில் ஓடிய கோடு, பெரிய எண் வந்த நாளில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷனோடு நிற்கும். எண்தான் என்று தெரிந்தால் ‘நம்பர்’ வகைக்குக் காஸ்ட் செய்து லாங்வேல்யூ அழையுங்கள். இன்ட் வேண்டுமென்றால் அதை டூஇன்ட்எக்ஸாக்ட் வழியாகக் கொண்டுபோங்கள்.

8. ஒப்பிடும் முன் அவிழ்த்துவிடுங்கள்

இரண்டு இன்டிஜர்களை == போட்டு ஒப்பிட்டால் அவிழ்ப்பு நடக்காது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கும். ஒரு பக்கம் பிரிமிட்டிவாக இருந்தால்தான் மறுபக்கம் அவிழும். ஆனால் < அல்லது > போட்டால் எப்போதும் அவிழும். இந்த ஒழுங்கின்மையை மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

குழப்பத்தைக் கூட்டுவது கேஷ். -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு இன்டிஜர்.வேல்யூஆஃப் ஏற்கெனவே செய்து வைத்த ஒரே ஆப்ஜெக்டைத் தருகிறது. அதனால் 100-ஐயும் 100-ஐயும் == போட்டால் ட்ரூ வரும்; 1000-ஐயும் 1000-ஐயும் போட்டால் வழக்கமாக ஃபால்ஸ் வரும். சோதனைக்கு எல்லோரும் 1, 2, 10 என்று சின்ன எண்களைத்தான் கொடுக்கிறோம், சோதனை பாஸ் ஆகிவிடுகிறது. ஆகவே இரு பக்கத்தையும் பிரிமிட்டிவாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ‘நல்’ வரலாம் என்றால் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள்.

ஈக்வல்ஸிலும் வகை பொருந்த வேண்டும். ரேப்பர் லாங் 5, இன்டிஜர் 5 இரண்டையும் ஈக்வல்ஸ் வைத்துக் கேட்டால் ஃபால்ஸ்தான். இதன் விளைவு மேப்பில் தெரியும். சாவி ரேப்பர் லாங்காக உள்ள மேப்பில் கெட்(5) என்று கேட்டால், அந்த 5 இன்டிஜராகப் பொதியப்பட்டு, எந்தச் சாவியோடும் பொருந்தாமல், ‘நல்’ வரும். அதை இன்ட் மாறியில் வாங்கினால் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன். மேப்பை அச்சிட்டுப் பார்த்தால் 5 கண் முன்னால் இருக்கும்! ஒருவர் இதற்காக அரைநாள் செலவழித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 5-க்குப் பின்னால் எல் எழுத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

9. மாறியின் வகையையே மாற்றினால் சுற்றியுள்ள வரிகளையும் பாருங்கள்

சில நேரம் மதிப்பை மட்டும் மாற்றாமல், அறிவிப்பையே இன்டிஜரிலிருந்து இன்ட்டாக மாற்றுவோம். கம்பைலர் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. ஆனால் அந்த மாறியைப் பயன்படுத்தும் வரிகளின் பொருள் மாறியிருக்கலாம்.

மிக மோசமான உதாரணம் லிஸ்ட்டின் ரிமூவ். 1, 2, 3 என்ற இன்டிஜர்கள் உள்ள லிஸ்ட். மாறி இன்டிஜராக இருந்து மதிப்பு 1 என்றால், ரிமூவ் 1 என்ற மதிப்பை நீக்கும். மிஞ்சுவது 2, 3. அதே மாறியை இன்ட் ஆக்கினால், ரிமூவ் அதை இட எண்ணாக எடுத்துக்கொண்டு, 0-இலிருந்து எண்ணி 1-ஆம் இடத்தில் உள்ள 2-ஐ நீக்கும். மிஞ்சுவது 1, 3. வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரே பெயரில் இன்ட்டுக்கு ஒன்று, ஆப்ஜெக்டுக்கு ஒன்று என்று இரண்டு மெத்தட்கள் இருக்கும் எல்லா இடத்திலும் இந்த அபாயம் உண்டு.

ஃபீல்டை இன்ட் ஆக்கினால், விடுபட்ட மதிப்பு இனி பெரும்பாலும் 0 ஆகவே தெரியும். ‘வரவில்லை’ என்பதைக் கண்டுபிடிக்கும் வழி போய்விடும். திரும்பவும் 3-ஆம் படியின் கேள்விதான்.

லூப்பில் மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். கூட்டுத்தொகைக்கு ரேப்பர் லாங் வைத்து += போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அவிழ்த்து, கூட்டி, மறுபடி பொதிய வேண்டும். அந்தச் சின்ன கேஷ் எல்லையைத் தாண்டிய பின் சுற்றுக்கொரு புதிய ஆப்ஜெக்ட் உருவாகலாம். அறிவிப்பில் முதலெழுத்தைச் சிறிதாக்கினால் போதும், இத்தனையும் மறைந்துவிடும். கோடைப் படிக்கும்போது இந்த ஒரு எழுத்தைத்தான் கண் தாண்டிப் போய்விடுகிறது.

10. லிஸ்ட், அரே முழுவதையும் மாற்றுவது

இன்டிஜர் அரேயை இன்ட் அரேயாகக் காஸ்ட் செய்ய முடியாது. ஒவ்வொன்றாகத்தான் அவிழ்க்க வேண்டும். தனித்தனி மதிப்பு தானாக மாறுவதைப் பார்த்துவிட்டு, அரேயும் மாறும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மாறாது. லிஸ்ட்டுக்கு:

இன்ட்[] எண்கள் = பட்டியல்.ஸ்ட்ரீம்().மேப்டூஇன்ட்(இன்டிஜர்::இன்ட்வேல்யூ).டூஅரே();

அரேயாக இருந்தால் அரேஸ்.ஸ்ட்ரீம்(அரே) என்று தொடங்குங்கள், மற்றவை அப்படியே. லாங்குக்கு மேப்டூலாங், டபுளுக்கு மேப்டூடபுள். பூலியனுக்கும் கேரக்டருக்கும் இப்படி ஒன்று இல்லை, சாதாரண லூப்பே வழி.

நடுவில் ஒரு ‘நல்’ இருந்தாலும் மொத்தமும் நிற்கும். ‘ஃபார் (இன்ட் எண் : பட்டியல்)’ என்ற லூப்பும் அப்படியே, எக்ஸெப்ஷன் ஃபார் வரியையே காட்டும், லூப்பின் உள்ளே தேடிக்கொண்டிருக்காதீர்கள். விலக்குவதுதான் உங்கள் முடிவு என்றால் மேப்டூஇன்ட்டுக்கு முன்னால் ஃபில்டர்(ஆப்ஜெக்ட்ஸ்::நான்நல்) சேருங்கள். பின்னால் சேர்த்துப் பயனில்லை, அதற்குள் அவிழ்ப்பு நடந்துவிட்டிருக்கும். விலக்கினால் நீளம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். இட எண்ணை வைத்து வேறொரு பட்டியலோடு பொருத்துகிறீர்கள் என்றால் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும்.

சராசரிக்கு ஸ்ட்ரீமின் ஆவரேஜ் மெத்தடைப் பயன்படுத்தினால் ஆப்ஷனல்டபுள் கிடைக்கும். உருப்படியே இல்லாவிட்டால் என்ன என்று அது உங்களைக் கேட்கிறது. உடனே ஆர்எல்ஸ்(0) என்று எழுதிவிடாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

11. எந்த மதிப்புகளைக் கொடுத்துச் சோதிப்பது

10, 20 என்று கொடுத்துச் சோதித்தால் மேலே சொன்ன பிழைகளில் அநேகமாக எதுவும் வெளிவராது. நான் எப்போதும் கொடுப்பவை: ‘நல்’; 0; ஒப்பீடு இருந்தால் 127, 128 இரண்டும்; லாங்கிலிருந்து சுருக்கினால் 2147483647-உம் 2147483648-உம்; டபுள் என்றால் -2.9-உம் நேனும், மேப் என்றால் சாவி இல்லாத நிலை, சாவி இருந்து மதிப்பு ‘நல்’ ஆன நிலை, இரண்டும், லிஸ்ட் என்றால் நடுவில் ஒரு ‘நல்’ உள்ளதும் முழுக்கக் காலியானதும்.

‘நல்’லுக்கான சோதனையை முதலில் எழுதுங்கள். என்ன விடை வர வேண்டும் என்று அந்தச் சோதனையில் எழுத முடியாமல் கை நின்றால், 3-ஆம் படியின் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. கோடைத் தொடாமல், அந்த மதிப்பைப் பற்றித் தெரிந்தவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.